லெவிட் அம்மையாரின் அளவுகோல்

பிரபஞ்சம் விரிகிறதென்பதற்கு 1929-ல் ருஜுக் காட்டிய கீர்த்தி அமெரிக்க வானசாஸ்திரி ஹப்பிளுக்குரியது. அவருக்கு அளவுகோல் செய்தளித்தவரைப் பலர் அறியாதிருப்பது நியாயமன்று என்போம்.

1868-ல் மாஸசூஸெட்ஸில் பிறந்த ஹென்ரியெட்டா லெவிட் அம்மையார், செவிப்புலன் குன்றியும், ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தில் மணிக்கு 30 சென்ட் கூலிக்கு நக்ஷத்திரப் படத்தகடுகளைப் பரிசோதித்தார். ஒளி கூடிக் குறையும் ஒருவகை நக்ஷத்திரங்களில், பிரகாசம் மிக மிக அம்மாறுதலின் காலமும் நீளும் என்று 1912-ல் காட்டினார். தூரம் கணிக்க அதுவே வழியாயிற்று. 1921-ல் காலமானார்.

இன்று, பால்வீதி போன்ற மண்டலங்கள் கொத்துக்கொத்தாய் அமைந்துள்ள விதத்தைக் கொண்டு அளப்போர், 33 லக்ஷம் ஒளிவருஷ தூரத்திற்கு வினாடிக்குச் சுமார் 68 கிலோமீட்டர் விரிவு என்கின்றனர். அம்மையாரின் கோலால் அளப்போர் சுமார் 73 என்கின்றனர். வழக்கு தீரவில்லை. தீர்ப்பு எதுவாயினும், அக்கூலிப் பெண்மணியின் சாக்ஷியமின்றி அது எழுதப்படாதென்பது நமது துணிபு.