பாடலும் நீதியும்: மாயூரம் வேதநாயகம் பிள்ளை



சனிக்கிழமை இரவு பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து, வாரச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்புகிற நம் பிள்ளைகள் சிலர், ஞாயிறு காலை திருப்பலிக்கு அரை மணி நேரம் முன்பே வந்து பாடகர் குழுவில் நிற்கிறார்கள். கண்களில் தூக்கம் மிச்சம் இருக்கிறது. ஆனால் பாட்டு தொடங்கியதும் அவர்கள் முகம் மாறிவிடுகிறது. வாரம் முழுவதும் ஓவர்லாக் மெஷினின் இரைச்சலையே கேட்ட காதுகளுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய ஆறுதல்.

இந்தப் பாடல் எதற்காக? வழிபாட்டுக்கு அழகு சேர்ப்பதற்கு மட்டும்தானா? அல்லது நாம் உழைக்கும் மற்ற ஆறு நாட்களோடும் அதற்கு ஏதேனும் உறவு உண்டா? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக விட்டுச் சென்ற ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினரை இன்று நினைவுகூர்வோம். அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை எழுதியவர் என்றே பள்ளிப் பாடத்தில் அவரைப் படித்தோம். அவர் ஒரு நீதிபதி என்பதும் நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் இசையை எவ்வளவு நேசித்தார், அந்த இசையை எதற்காகப் பயன்படுத்தினார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாக அவர் பிறந்தார். தமிழையும் ஆங்கிலத்தையும் நன்றாகக் கற்றார். இளமையிலேயே பாட்டுக் கட்டும் திறமை அவரிடம் இருந்தது. 1848இல் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக வேலைக்குச் சேர்ந்து, பிறகு மொழிபெயர்ப்பாளராகி, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். அடுத்து சீர்காழி, அதன்பின் மாயூரம். இன்று மயிலாடுதுறை என்று நாம் அழைக்கும் அந்த ஊரின் பெயரே அவர் பெயரோடு நிலைத்துவிட்டது.

அவர் வேலை பார்த்த காவிரிக் கரை இசை விளைந்த மண். தியாகராஜ சுவாமிகள் திருவையாற்றில் மறைந்து அப்போது பத்தாண்டுகள்தான் ஆகியிருந்தன. கச்சேரிகளில் தெலுங்குக் கீர்த்தனைகள் செல்வாக்கோடு விளங்கிய காலம் அது. அதே நேரத்தில், தமிழிசை மூவரான முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப் பிள்ளையும் தமிழ்க் கீர்த்தனைக்கு வழி திறந்ததும் அந்தப் பக்கத்தில்தான். ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் மாயூரத்திலேயே வாழ்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரும் வேதநாயகருக்கு நெருங்கிய நண்பர்கள். கத்தோலிக்கரான இந்த நீதிபதியின்மீது சைவப் புலவரான மீனாட்சிசுந்தரம் பிள்ளை ‘குளத்துக் கோவை’ என்ற நூலையே பாடினார் என்றால், அந்த நட்பின் ஆழத்தை நாம் உணரலாம்.

காலையில் நீதிமன்றம், ஓய்வு நேரத்தில் தமிழும் இசையும் என்று இரண்டு வாழ்க்கை அவருக்கு இருக்கவில்லை. ஒன்று மற்றொன்றுக்குள் புகுந்தது. வழக்காட வரும் ஏழைக்குத் தன் வழக்கில் என்ன நடக்கிறது என்பதே புரியாமல் போவதை அவர் அன்றாடம் கண்டார். அதனால் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி மொழிபெயர்த்து, 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் வெளியிட்டார். நீதிமன்ற அலுவல் தமிழில் நடக்க வேண்டும் என்று தம் நாவலிலும் வாதாடினார். மக்களைப் பற்றிய காரியம் மக்களுக்குப் புரிய வேண்டும் என்ற இந்த எண்ணமே அவருடைய இசைக்கும் அடிப்படையாக அமைந்தது.

1872இல் மேலதிகாரியோடு ஏற்பட்ட மனக்கசப்பால் அவர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. நேர்மையாக உழைத்த ஒருவருக்கு இது சிறிய வலி அல்ல. வேறொருவராக இருந்தால் கசப்போடு ஒதுங்கியிருக்கக்கூடும். ஆனால் அவருடைய சிறந்த படைப்புகள் பலவும் அதன் பிறகுதான் வெளிவந்தன. பதவி போனது. பாட்டு போகவில்லை.

1876இல் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். நம் கோயம்புத்தூர் மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் ஊர்கள் பலவும் அப்போது அதில்தான் அடங்கியிருந்தன. கொங்கு நாட்டில் அந்தப் பஞ்சத்தைப் பற்றிக் கும்மிப் பாடல்கள் தோன்றின. பசியைக்கூட நம் முன்னோர் பாடித்தான் நினைவில் வைத்தார்கள்.

அந்தப் பஞ்சத்தில் வேதநாயகர் இரண்டு காரியங்கள் செய்தார். மழைக்காகவும் உணவுக்காகவும் இறைவனிடம் மன்றாடும் கீர்த்தனைகளை இயற்றினார். அதே நேரத்தில் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு, பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். இறைவா, உணவு தாரும் என்று பாடிய வாய்க்குப் பக்கத்திலேயே உணவு கொடுக்கும் கையும் இருந்தது. இதைக் கண்டு மனம் நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். சிவபெருமானையே பாடிய ஒரு பக்தர், கத்தோலிக்கர் ஒருவரைப் பாடியதற்குக் காரணம் அவருடைய குரல்வளம் அல்ல. அவர் ஊற்றிய கஞ்சிதான்.

1878இல் அவருடைய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ வெளிவந்தது. எந்தச் சமயத்தவரும் மனம் கூசாமல் பாடத்தக்க வகையில் ஒரே கடவுளைப் போற்றும் பாடல்கள் அதில் உள்ளன. அதோடு நிற்கவில்லை. இலஞ்சம் வாங்கும் அதிகாரிகளை இடித்துரைக்கும் பாடல்களும், குடும்ப வாழ்வுக்கு அறிவுரை கூறும் பாடல்களும், தம் மனத்துக்கே புத்தி சொல்லிக்கொள்ளும் பாடல்களும் உண்டு. இராகமும் தாளமும் இறைவனைத் துதிக்க மட்டுமல்ல, ஊரில் நடக்கும் அநீதியைச் சொல்லவும் உதவும் என்று அவர் கண்டார். எளிய தமிழில், பல்லவி திரும்பத் திரும்ப வரும்படி அவை அமைந்திருப்பதால், எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்டே கற்றுக்கொள்ளலாம். நம் திருப்பலிப் பாடல்களிலும் பல்லவியை மக்கள் எல்லாரும் சேர்ந்து பாடுவது இதே முறையில்தானே!

எல்லாருக்கும் பொதுவாகப் பாடியதால் அவர் தம் விசுவாசத்தில் தளர்ந்துவிடவில்லை. அன்னை மரியாளைப் போற்றி ‘தேவமாதா அந்தாதி’ பாடினார். நம் மறையின் உண்மைகளைச் ‘சத்திய வேதக் கீர்த்தனைகள்’ என்று இசையாக்கினார். 1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். திருவழிபாட்டில் தாய்மொழிக்கும் அந்தந்த நாட்டு மக்களின் இசைக்கும் இடம் தர வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிகாட்டியபோது, தமிழகத்தில் அதற்கான நிலத்தை ஏற்கெனவே உழுது வைத்தவர்களில் அவரும் ஒருவர் என்று சொன்னால் மிகையாகாது.

அன்பார்ந்தவர்களே, ஆமோஸ் இறைவாக்கினரை நாம் அறிவோம். நீதி இல்லாத இடத்திலிருந்து வரும் பாடலும் யாழிசையும் கடவுளுக்கு வெறும் இரைச்சலே என்று அவர் துணிந்து எடுத்துரைத்தார். வேதநாயகர் நீதி இருக்கையில் அமர்ந்திருந்தபோதும், அதை இழந்த பின்பும் இந்த உண்மையை மறக்கவில்லை. அதனால்தான் அவருடைய பாடல் நம்பத்தக்கதாக இருக்கிறது.

நம் திருப்பூரில் இன்று தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்கிறார்கள். ஒரே துணியை ஒருவர் வெட்ட, ஒருவர் தைக்க, ஒருவர் செக்கிங் பார்க்க, ஒருவர் அயர்ன் செய்கிறார். மொழியும் சமயமும் வேறு வேறு. ‘சமரசம்’ என்ற சொல்லை வேதநாயகர் நூலின் தலைப்பாக வைத்தார். நமக்கோ அது ஒவ்வொரு நாளும் பக்கத்து மெஷினில் அமர்ந்திருக்கிறது.

எனவே நம்மை நாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்வோம். நம் பங்கின் பாடல்கள் மக்களுக்குப் புரிகின்றனவா, மக்கள் சேர்ந்து பாட முடிகிறதா? அல்லது பாடகர் குழு மட்டும் பாட, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறோமா? நம்மில் கம்பெனி நடத்துகிறவர்களும், கான்ட்ராக்ட் எடுத்து ஆட்களை வைத்திருப்பவர்களும், சூப்பர்வைசர்களும் இருக்கிறோம். ஞாயிறன்று இறைவனின் நீதியைப் பாடிய நாம், சனிக்கிழமை சம்பளக் கவரில் அந்த நீதியை வைக்கிறோமா? மொழி தெரியாத தொழிலாளிக்கு அவருடைய கணக்கைப் புரியும்படி சொல்கிறோமா? உடன் வேலை செய்பவர் காய்ச்சலில் படுத்தால் ஒரு வேளைக் கஞ்சியோடு போய்ப் பார்க்கிறோமா?

வருகிற ஞாயிறும் நம் பிள்ளைகள் தூக்கக் கண்களோடு வந்து பாடுவார்கள். அவர்களோடு சேர்ந்து நாமும் வாய் திறந்து பாடுவோம். பாடிய பாட்டைத் திங்கட்கிழமை காலையில் வேலைக்கு எடுத்துச் செல்வோம். அதற்கான அருளை, வேதநாயகர் பாடிப் போற்றிய அன்னை மரியாள் வழியாக இறைவனிடம் மன்றாடுவோம்.