இசைக்கருவிகளை ஆராய்ந்த இராமன்

சர் சி. வி. இராமன் என்றதும் ஒளிச்சிதறலும் 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசும் நம் நினைவிற்கு வரும். வீணையும் மிருதங்கமும் வருவதில்லை. ஆனால் இன்று கச்சேரி மேடையிலும் எங்கள் பாடித் தெருப் பஜனைகளிலும் ஒலிக்கும் மின்னணு இசைக்கருவிகளைப் பற்றிப் பேசப் புகுந்தால், அவரை விட்டுவிடல் முறையன்று.

சிந்தசைசர் செய்வது யாது? ஒரு சுரத்தில் அடிப்படை அதிர்வோடு மேற்சுரங்கள் பல கலந்துள்ளன. எது எவ்வளவு என்னும் கணக்கே வீணையை வீணையாகவும் குழலைக் குழலாகவும் காட்டுகிறது. அக்கணக்கை மின்சுற்றினால் உண்டாக்குவதே சிந்தசைசர். அமெரிக்காவில் இராபர்ட் மூக் தம் கருவியை அமைத்தது 1964இல். நம் நாட்டுக் கருவிகளின் கணக்கை இராமன் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துவிட்டார்.

1888இல் திருவானைக்காவலில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். தந்தை வயலின் வாசிப்பார். மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பார். அலுவலகம் செல்லுமுன்னும் திரும்பிய பின்னும் பௌபஜார் தெருவிலிருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி. 1917இல் பேராசிரியர் பதவிக்காக அந்த உத்தியோகத்தையே துறந்தார். சம்பளம் ஏறத்தாழப் பாதியாயிற்று. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகும் என்போன்றோர்க்கு இதை எண்ணினாலே நெஞ்சு படபடக்கும்!

வில்லின் வேகமும் அழுத்தமும் மாறாதிருக்க, வயலினை வாசிக்க 1920இல் ஓர் இயந்திரமே அமைத்தார். அதில் வில் அசையாது. வயலின்தான் முன்னும் பின்னும் நகரும்.

கம்பியை ஓரிடத்தில் மீட்டினால், அவ்விடத்தை அசைவற்ற கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் எழா என்பது ஐரோப்பிய அறிஞர் கண்ட விதி. வீணையிலும் தம்புராவிலும் அவை எழுகின்றன என்று 1921இல் இராமன் காட்டினார். காரணம் குதிரையின் அமைப்பு. அதன் அகன்ற வளைபரப்பைக் கம்பி தொட்டும் விலகியும் அதிர்கிறது. தம்புராவிலோ இடையே செருகும் நூலும் துணைசெய்கிறது. மீட்டிய பின்னும் அந்த நாதம் நிறம் மாறிக்கொண்டே செல்லும். மாறாத ஒரே கலவையைத் தரும் மின்சுற்று தம்புராபோல் ஒலிக்காமைக்கு இதுவே காரணம்.

மிருதங்கத்தின் கதை இன்னும் சுவையானது. வெறுந்தோலின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையா. வலந்தலையில் அப்பிய கரணையோ அவற்றை 1, 2, 3, 4, 5 என்னும் விகிதத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. தோலின்மேல் மணலைத் தூவி, அது கூடும் கோலங்களைக் கொண்டு 1934இல் இதை விரிவாக விளக்கினார். கரணையிட்ட கைவினைஞர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவரல்லர் என்பதை நாம் மறக்கலாகாது.

இராமன் 1970 நவம்பர் 21இல் பெங்களூரில் காலமானார். அதே நகரில் அப்பத்தாண்டின் இறுதியில் மின்னணுச் சுருதிப்பெட்டி உருவாயிற்று.