ஸ்ரீமதி அனசூயா பென்: மில் முதலாளியின் தமக்கை, தொழிலாளரின் தலைவி

கூலியைப் பற்றி முதலாளிக்கும் தொழிலாளர் சங்கத்துக்கும் சச்சரவு நேரும்போது, இரு கட்சியாரும் முதலில் அளந்து பார்ப்பது தத்தம் பலத்தையே. எத்தனை நாள் பட்டினி கிடக்கலாம் என்று ஒரு சாராரும், எத்தனை நாள் நஷ்டம் பொறுக்கலாம் என்று மறு சாராரும் கணக்கிடுகின்றனர். நியாயமான கூலி எது என்ற கேள்வி கடைசியிலேயே எழுகிறது. சில வேளை எழாமலே போகிறது. இக்கேள்வியை முன்னால் நிறுத்தப் பாடுபட்டவர்களுள் ஆமதாபாத் நகரத்து ஸ்ரீமதி அனசூயா ஸாராபாய் முக்கியமானவர். அவருடைய சரித்திரம் தொழிலாளர் இயக்கத்தில் ஈடுபட்டோர் அனைவரும் அறியத்தக்கது.

அனசூயா 1885-ஆம் வருஷம் நவம்பர் 11-ந் தேதி செல்வம் மிகுந்த ஜைனக் குடும்பத்தில் பிறந்தார். சிறு பிராயத்திலேயே தாய் தந்தையரை இழந்து, தம்பி அம்பாலாலுடனும் தங்கையுடனும் சிற்றப்பனார் வீட்டில் வளர்ந்தார். பதின்மூன்றாம் வயதில் நடந்த விவாகம் நிலைக்கவில்லை. தம்பியின் உதவியால் 1912-இல் வைத்தியம் படிக்க இங்கிலாந்து சென்றார். பிராணிகளை அறுத்துப் பார்ப்பது தம் ஜைன மனத்துக்கு ஒவ்வாமையால், அப்படிப்பை விட்டு லண்டன் பொருளாதாரக் கலாசாலையில் சேர்ந்தார். அங்கே ஸ்திரீகள் வாக்குரிமைக்காக நடத்திய கிளர்ச்சியும், பேபியன் சங்கத்தாரின் சமதர்மக் கொள்கையும் அவர் உள்ளத்தில் பதிந்தன. 1913-இல் தாயகம் திரும்பினார்.

திரும்பியதும் மில் தொழிலாளரின் குழந்தைகளுக்குப் பாடசாலை நடத்தலானார். ஒரு நாட் காலை, பிரேதக் களையுடன் தள்ளாடி நடந்து சென்ற ஒரு கூட்டத்தைக் கண்டு விசாரித்தார். முப்பத்தாறு மணி நேரம் இடைவிடாது மில்லில் உழைத்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் அவர்கள் என்று தெரிந்தது. பாடசாலை மட்டும் போதாது என்ற உறுதி அன்று பிறந்தது. 1917 டிஸம்பரில் பாவு ஓட்டும் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டபோது அவரே தலைமை தாங்கினார்.

பெரும் போராட்டம் 1918-இல் வந்தது. முந்திய வருஷம் நகரில் பிளேக் பரவியபோது, நெசவாளர் ஊரை விட்டு ஓடாதிருக்கும்பொருட்டு மில்காரர் கூலியில் எழுபது, எண்பது சத விகிதம் வரை போனஸ் கொடுத்து வந்தனர். நோய் தணிந்ததும் அதை நிறுத்த முற்பட்டனர். யுத்த காலமாகையால் விலைவாசியோ ஏறியே நின்றது. தொழிலாளர் ஐம்பது சத விகித உயர்வு கேட்டனர். முதலாளிகள் இருபதுக்கு மேல் இல்லை என்றனர். முதலாளிகளின் தலைவர் வேறு யாருமல்லர். அனசூயாவின் தம்பி அம்பாலாலே. தமக்கை எதிர்க் கட்சியில் நின்றார்.

மகாத்மா காந்தி, சங்கர்லால் பாங்கர், வல்லபபாய் பட்டேல் முதலியோர் விலைவாசியையும் பம்பாய் மில்களின் கூலியையும் ஆராய்ந்து, முப்பத்தைந்து சத விகிதமே நியாயம் என்று கண்டனர். தொழிலாளர் ஐம்பதை விட்டு இறங்கி அதை ஏற்றனர். பேரம் பேசும் தொகை வேறு, காரணம் காட்டக்கூடிய தொகை வேறு என்பதை அவர்கள் உணர்ந்தது இப்போராட்டத்தின் முதல் வெற்றி.

பிப்ரவரி 22-ந் தேதி மில்காரர் கதவடைத்தனர். சபர்மதிக் கரையில் ஒரு வேலமரத்தடியில் தினந்தோறும் கூட்டம் கூடிற்று. பலாத்காரம் கூடாது, வேலைக்குப் போகிறவனைத் தொடக்கூடாது, பிச்சை ஏற்கக்கூடாது என்பன விரதங்கள். துண்டுப் பிரசுரங்கள் அனசூயாவின் பெயரால் வெளியாயின. இவ்வளவு பகைமையிலும் தமக்கைக்கும் தம்பிக்கும் இடையே பாசம் அறவில்லை.

மார்ச்சு 12-இல், இருபது சத விகிதத்துக்கு இசைவோருக்குக் கதவு திறக்கப்பட்டது. பசியால் தொழிலாளர் தளர்ந்தனர். தலைவர்கள் மோட்டாரில் வந்து போகிறவர்கள், அவர்களுக்குப் பசி தெரியுமோ என்ற முணுமுணுப்பும் எழுந்தது. 15-ந் தேதி காந்தியடிகள் உண்ணாவிரதம் தொடங்கினார். மூன்றாம் நாள் சமரசம் ஏற்பட்டது. முதல் நாள் முப்பத்தைந்து சத விகிதம். அதனால் தொழிலாளரின் பிரதிக்ஞை காக்கப்பட்டது. இரண்டாம் நாள் இருபது; அதனால் முதலாளிகளின் சொல் காக்கப்பட்டது. மூன்றாம் நாள் முதல் இரண்டுக்கும் நடுவான இருபத்தேழரை. இறுதித் தொகையை மத்தியஸ்தர் பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவர் முடிவு செய்வது. ஆகஸ்டில் அவர் தீர்ப்பளித்தார்: முப்பத்தைந்து.

எனினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. உண்ணாவிரதம் முதலாளிகளின் அன்பை நெருக்கியதால் அவ்வெற்றியில் களங்கம் உண்டு என்று காந்தியடிகளே பின்னர் ஒப்புக்கொண்டார். ஒரு மகானின் உயிர் ஊசலாடினாலன்றிக் கூலி தீராது என்றால் அது ஏற்பாடாகாது. இதற்கு விடையாகவே 1920-இல் அனசூயாவின் தலைமையில் மஜூர் மகாஜன் என்ற ஜவுளித் தொழிலாளர் சங்கம் அமைந்தது. தொழிலாளர் பக்கம் காந்தியடிகளும் முதலாளிகள் பக்கம் ஸேத் மங்கள்தாஸும் கொண்ட நிரந்தர மத்தியஸ்த சபையும் ஏற்பட்டது.

அச்சபை எல்லா நோய்க்கும் மருந்தாகவில்லை. 1923-இல் முதலாளிகள் கூலியைக் குறைத்தனர், இரண்டு மாத வேலைநிறுத்தம் தோற்றது, சங்கம் மெலிந்தது. ஆயினும் அது கலையவில்லை. அக்குறைப்பைப் பற்றிய வழக்கு 1929-இல் நடுவர் முன் சென்று, இழந்ததில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. வேலைநிறுத்தம் பெற்றுத்தர இயலாததைப் பொறுமையும் கணக்கும் பெற்றுத் தந்தன.

தொழிலாளர் அவரை மோட்டா பென், அதாவது மூத்த சகோதரி, என்றே அழைத்தனர். 1972-இல் அவர் காலமானார். அதே வருஷம் அவர் சங்கத்தின் ஸ்திரீகள் பகுதியிலிருந்து, சொந்தத் தொழில் செய்து பிழைக்கும் ஏழைப் பெண்களுக்கான சேவா என்னும் சங்கம் இளா பட்டின் முயற்சியால் தோன்றிற்று.

சம்பளச் சச்சரவில் இறங்கும் சங்கத்தாரும் முதலாளிகளும் இவர் வாழ்க்கையிலிருந்து கொள்ள வேண்டியது இது: காரணம் காட்டக்கூடிய தொகையைக் கேளுங்கள், இரு சாராரும் நம்பும் நடுவரைச் சச்சரவு எழுமுன்பே நியமியுங்கள், எதிர்க் கட்சியில் நிற்பவனும் உடன்பிறந்தானாக இருக்கலாம் என்பதை மறவாதீர்கள்.