லிஸ்பனிலிருந்து ஓரியூர் வரை

மதுரையிலிருந்து உசிலம்பட்டி பஸ் ஏறினால் கருமாத்தூர் வரும். அங்கே அருளானந்தர் பெயரில் ஒரு கல்லூரி இருக்கிறது. ஓரியூருக்கு வேன் பிடித்துப் போய்வந்தவர்களும் நம்மில் நிறையப் பேர். அவரை வெட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். ஏன் வெட்டினார்கள் என்று கேட்டால், மதம் பரப்பியதற்காக என்று சொல்லிட்டுப் போய்விடுகிறோம். விஷயம் ஒரு வீட்டுக்குள்ளே ஆரம்பித்தது.

ஜான் டி பிரிட்டோ 1647-இல் லிஸ்பனில் பிறந்தவர். இளவரசர் பேதுருவோடு அரண்மனையில் வளர்ந்தார். சிறுவயதில் படுத்த படுக்கையானபோது, தாயார் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிழைத்த பிள்ளை ஒரு வருஷம் சேசு சபை அங்கியோடு அரண்மனையில் திரிந்தான். 1662-இல் சபையிலேயே சேர்ந்துவிட்டார். 1673-இல் கப்பலேறக் கிளம்பியபோது தடுக்கப் பார்த்தவரும் அதே தாயார்தான். பெத்த மனசு!

மதுரை மிஷனில், தத்துவ போதகர் காட்டிய வழியிலே காவி கட்டி, மரக்கறி உண்டு, பண்டாரசாமியாக அலைந்தார். உடை, உணவு, பெயர் எல்லாவற்றிலும் நம்ம ஊருக்கு இறங்கி வந்தவர், திருமண விஷயத்தில் இம்மியும் இறங்கவில்லை. 1686-இல் பிடித்து வதைத்தார்கள். கிழவன் சேதுபதி விடுவித்து, இனிமேல் போதிக்கக் கூடாதென்று உத்தரவிட்டார். பிறகு சபை வேலையாக லிஸ்பன் போனவரை, அரசராகிவிட்ட பேதுரு அங்கேயே இருக்கச் சொன்னார். கேட்கவில்லை, 1690-இல் திரும்பிவிட்டார்.

அரச வம்சத்துத் தடியத் தேவர் நோயிலிருந்து தேறி ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். மூத்தவளோடு மட்டும் வாழச் சம்மதித்த பிறகே, 1693 ஜனவரி 6-இல் ஞானஸ்நானம் ஆனது. விலக்கப்பட்டவர்களில் இளையவள் சேதுபதிக்கு நெருங்கிய உறவு. அரண்மனைக்குப் போய் முறையிட்டாள்.

அவளை ஏரோதியாள் என்று சொல்லிவிடுவது சுலபம். நாட்டு வழக்கப்படி வாழ்க்கைப்பட்டு வந்தவள், ஒரே நாளில் யாருமில்லாதவள் ஆனாள். ஒருவனுக்கு ஒருத்தி என்ற திருச்சபைச் சட்டம் மூத்தவளுக்கு மரியாதை, இளையவளுக்கு இடி. அவள் சம்மதத்தைக் கேட்டதாக நான் படித்த எந்தச் சரித்திரத்திலும் இல்லை. அருளானந்தர் மேல் எனக்குள்ள பக்தி இதனால் குறையவில்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

அடுத்த இரண்டு நாளில் கைது. பிப்ரவரி 4-இல் ஓரியூரில் தலை விழுந்தது. 1947-இல் ரோமையில் புனிதர் பட்டம்.

சேதி லிஸ்பன் போய்ச் சேர்ந்ததும் அரசர் நன்றி வழிபாடு நடத்தினார். பிள்ளையைப் போகவேண்டாமென்று தடுத்த தாயார், துக்க உடை உடுத்தாமல் திருவிழா உடையில் வந்து நின்றார்.