முகட்டில் முகம் பதித்த மன்னன்

வகுப்பறையில் வரலாறு சொல்லும்போது, ஸ்கொத்லாந்தின் ஐந்தாம் ஜேம்ஸ் மன்னனை மேரி அரசியின் தந்தை என்ற ஒரு தொடரோடு கடந்து சென்றவருள் யானும் ஒருவன். அவன் எழுப்பிய மாளிகையின் மரவிதானத்தைப் பற்றிக் கற்ற பின்பே என் பிழையை உணர்ந்தேன்.

1512ஆம் ஆண்டு பிறந்த அவன் தந்தையின் முகம் அறியாதவன். 1513இல் நான்காம் ஜேம்ஸ் பிளொடன் களத்திலே ஆங்கிலேயரோடு பொருது மடிய, 17 திங்கட் குழவியாகிய மகனுக்கு ஸ்டேர்லிங் கோட்டையிலே முடி சூட்டினர். முடி அவனுடையது, ஆட்சி பிறருடையது. தாயின் இரண்டாங் கணவனான அங்கஸ் பிரபு அவனைத் தன் காவலில் வைத்து, அவன் பெயரால் நாடாண்டான். 1528இல், தன் 16ஆம் வயதில், அக்காவலினின்று தப்பி அவன் புகலடைந்த இடமும் ஸ்டேர்லிங்கே.

1537இல் பிரான்சிய மன்னன் மகள் மதலேனைப் பாரிஸ் நகரில் மணந்தான். அவ்வாண்டு யூலையிலேயே அவளை இழந்தான். மறு ஆண்டு கீஸ் குடும்பத்து மேரியை மணந்து, பிரான்சிலே தான் கண்ட மறுமலர்ச்சிக் கலைப்பாங்கைத் தழுவி ஸ்டேர்லிங்கில் ஒரு மாளிகை எடுப்பித்தான்.

அதன் ஓலக்க மண்டப விதானத்திற்குரிய ஓக்கு மரம் போலந்து நாட்டிலிருந்து வந்தது. ஏறக்குறைய மூன்றடி அகலமுள்ள வட்டப் பலகைகளிலே அரசர், அரசியர், உரோமப் பேரரசர், வீரன் ஏர்க்குலீசு முதலியோர் உருவங்களைச் செதுக்கினர். மன்னன் முகமும் அவற்றுள் ஒன்று என்பர். இளமையிற் பிறர் கையில் ஆடிய ஒருவன், தான் எவர் வழிவந்தவன், எவரோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கவன் என்பதைத் தன்முன் நிற்பார் தலைக்கு மேலே பொறித்து வைத்தான் என்றே யான் கருதுகிறேன்.

அவ்விதானத்தின் கீழ் அவன் நெடுங்காலம் வீற்றிருக்கவில்லை. 1541இல் ஆண்மக்கள் இருவரும் இறந்தனர். 1542 நவம்பரில் சொல்வே மொஸ் போரில் அவன் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. திசம்பர் 8இல் மகள் பிறந்தாள்; 14ஆம் நாள், 30 வயதில், அவன் மறைந்தான். ஆறு நாட் குழவி அரசியாயிற்று. அடுத்த ஆண்டு, தந்தை முடிசூடிய அதே கோட்டையில் அவளுக்கும் முடி சூட்டினர்.

1777இல் விதானத்தின் ஒரு பகுதி வீழவே, எஞ்சியதையும் கழற்றிவிட்டனர். முகங்கள் பலவிடத்துஞ் சிதறின, சில அழிந்தன. மீண்டவற்றுட் பெரும்பாலானவை இன்று அக்கோட்டையிலேயே பேணப்படுகின்றன. யோன் டொனால்ட்சன் என்னும் சிற்பி ஓக்கு மரத்திற் செதுக்கிய 37 படிகள், வண்ணந் தீட்டப்பெற்று, 2011 முதல் மாளிகை விதானத்தில் விளங்குகின்றன.

எந்நாட்டுப் படையால் ஜேம்சின் தந்தை மடிந்தானோ, அந்நாட்டின் முடியை ஜேம்சின் மகள் வயிற்றுப் பேரன் 1603இல் சூடினான். இனி வகுப்பிலே அம்மன்னன் பெயர் வருமிடத்து, யான் சற்று நின்றே செல்வேன்.