செம்பைப் பெரியவரின் எளிய வாழ்வு

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு பிழைப்புத் தேடி வந்து இங்கே குடியமர்ந்த நம் போன்ற குடும்பங்களுக்கும், தேவிகுளம், பீர்மேடு மலைத் தோட்டங்களில் வாழும் நம் சகோதரர்களுக்கும் மாதத்தின் கடைசி வாரம் எப்படிக் கழிகிறது என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு வாங்கிய பொருளுக்குப் பங்குனி வரை தவணை கட்டுகிறோம். பகலெல்லாம் ரயில்வே கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிற நாம், இரவில் வீட்டுக் கணக்கின் முன் விழிக்கிறோம். அவ்வேளைகளில் நாம் நினைத்துக்கொள்ளும் பெரியவர், இம்மண்ணின் மைந்தரான சங்கீத கலாநிதி செம்பை வைத்தியநாத பாகவதர் ஆவார்.

பாகவதர் 1896ஆம் ஆண்டு பிறந்தவர். பாலக்காட்டை அடுத்த கோட்டாயியின் அருகிலுள்ள சிற்றூரே செம்பை. தந்தையார் அனந்த பாகவதரே முதற்குரு. தமையனார் போலத் துணையாக வளர்ந்த சகோதரர் சுப்பிரமணியனுடன் சேர்ந்து சிறு வயதிலேயே பயின்று, 1904இல் ஒற்றைப்பாலத்தில் அரங்கேறினார். பின்னர் சென்னை சபைகளும் அவரை வரவேற்றன. 1951இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும், 1973இல் பத்மபூஷணும் அவரைத் தேடி வந்தன. இவ்வளவு புகழ் வந்தும் அவர் செம்பைக் கிராமத்தை விட்டுவிடவில்லை. ஊர்க் கோயிலின் ஏகாதசி உற்சவத்தைத் தம் சொந்த வீட்டு விசேஷம் போலவே நடத்தி வந்தார்.

அவர் பாட்டும் அவர் வாழ்வைப் போன்றதே. ஒலிபெருக்கி இல்லாத நாட்களில் கடைசி வரிசை வரை கேட்கும் வெண்கலக் குரல். சுருதியிலிருந்து விலகாத நேர்மை. வேண்டாத அலங்காரம் இல்லாத தெளிவு. சங்கீத நுணுக்கம் அறியாத நம் போன்றோரும் அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டு மகிழ முடிகிறதென்றால் காரணம் அதுவே. பக்கவாத்தியக்காரர்களை அடக்கித் தாம் உயர நினைத்தவரல்லர். இளைஞராயிருந்த பாலக்காடு மணி அய்யரையும், வயலின் சௌடய்யாவையும் மேடையில் ஊக்கி வளர்த்தவர்களுள் அவர் முக்கியமானவர்.

இனி, நம்மை மிகவும் சிந்திக்க வைத்த நிகழ்ச்சிக்கு வருவோம். 1950களின் தொடக்கத்தில், புகழின் உச்சியில் இருந்தபோது, திடீரென அவர் குரல் அடைத்துப் போயிற்று. பாடகனுக்குக் குரல் போவது, குடும்பத் தலைவனுக்கு வேலை போவதற்கு ஒப்பாகும். கச்சேரிகள் நின்றன. குருவாயூரப்பனை வேண்டினார், ஆயுர்வேத சிகிச்சையும் நடந்தது. குரல் திரும்பிற்று. இது அருளா, மருந்தா என்று வாதிப்போர் வாதிக்கட்டும். நாம் வியப்பது அதன்பின் அவர் செய்ததையே. ஒருமுறை வருமானம் நின்று தவித்தவன், மறுமுறை இரு மடங்கு சேர்த்து வைக்கவே முயல்வான். நாமாயிருந்தால் அப்படித்தான் செய்திருப்போம். பாகவதரோ தம் கச்சேரி வருமானத்தைக் குருவாயூரப்பனுக்கே காணிக்கையாக்கினார். தேவையைச் சிறிதாக வைத்துக்கொண்டவருக்கே இது கைகூடும். (நம் இல்லத்தரசியிடம் இதைச் சொன்னபோது, முதலில் உங்கள் வெற்றிலைச் செலவைக் குறையுங்கள் என்று பதில் வந்தது.)

மனிதரில் பேதம் பார்ப்பதும் அவருக்கு வேண்டாத சுமையாகவே தோன்றியிருக்க வேண்டும். பிறப்பால் கிறிஸ்தவரான யேசுதாஸைச் சீடராக ஏற்றுப் பாடம் சொன்னார். இந்து அல்லாதாருக்குக் குருவாயூர்க் கோயிலினுள் நுழைவு இல்லை என்பதை நினைத்தால், அக்கோயிலின் பரம பக்தரான ஒரு வைதிகப் பெரியவர் இதைச் செய்ததன் பெருமை விளங்கும்.

1974ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், தாம் முதன்முதலில் பாடிய அதே ஒற்றைப்பாலத்தில், பூழிக்குன்று கிருஷ்ணன் கோயிலில் கச்சேரி செய்தார். அன்றே, சீடர் ஒருவருடன் பேசிக்கொண்டிருக்கையில் அவர் ஆவி பிரிந்தது. நோயில் படுத்து எவருக்கும் பாரமாகவில்லை.

குருவாயூர் ஏகாதசியை ஒட்டி அவர் பெயரால் ஆண்டுதோறும் சங்கீத உற்சவம் நடைபெறுகிறது. பெரிய வித்வான்களும், அன்றுதான் முதல் மேடை ஏறும் சிறுவர் சிறுமியரும் அங்கே பாடுகின்றனர். உற்சவத்திற்கு முன் செம்பைக் கிராமத்து வீட்டிலிருந்து அவருடைய தம்புராவை மரியாதையுடன் குருவாயூருக்கு எடுத்துச் செல்கின்றனர். இவ்வாண்டு நம் காலனிக் குழந்தைகளையும் அழைத்துச் சென்று அதைக் காட்டி வர எண்ணியிருக்கிறோம்.