94 டாலர் மூட்டை, 1 டாலர் பெட்டி: கேமராவை எல்லோர் கைக்கும் கொண்டுவந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன் யார்?

புதுசா ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினால் செலவு அதோடு முடிவதில்லை. மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, ட்ரைபாட், லென்ஸைக் காப்பாற்ற ஒரு ஃபில்டர், இதையெல்லாம் போட்டுக்கொள்ள ஒரு பை என்று பட்டியல் நீளும். ஆனாலும் ஒரு விஷயத்தில் நிம்மதி. கேமராவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே படம் எடுத்துவிடலாம்.

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு இந்த நிம்மதி கிடையாது. போட்டோ எடுக்கணும்னா கொஞ்சம் வேதியியல் தெரிந்திருக்க வேண்டும், கையில் கறை படியத் தயாராக இருக்க வேண்டும், மூட்டை தூக்கத் தெம்பும் வேண்டும். அந்த நிலைமையை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஒரு விஞ்ஞானி இல்லை, பேங்க் கிளார்க். கோடாக் நிறுவனத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஈஸ்ட்மன்தான் அவர்.

வாரம் 3 டாலர் சம்பளம்

1854 ஜூலை 12-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள வாட்டர்வில் என்ற ஊரில் ஈஸ்ட்மன் பிறந்தார். அப்பா ரோசெஸ்டர் நகரில் வணிகக் கல்லூரி நடத்தியவர். ஈஸ்ட்மனுக்கு 7 வயதாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா மரியா, வீட்டில் ஆட்களைத் தங்கவைத்து, அந்த வாடகைப் பணத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்தார். அக்காக்களில் ஒருவருக்கு இளம்பிள்ளை வாதம்.

14 வயது முடியும் முன்பே ஈஸ்ட்மன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் எடுபிடி வேலை, வாரம் 3 டாலர் சம்பளம். வரவு, செலவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது. 1874-ல் ரோசெஸ்டர் சேமிப்பு வங்கியில் ஜூனியர் கிளார்க் ஆனபோது சம்பளம் வாரம் 15 டாலராக உயர்ந்தது. அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை.

போகாத பயணம்

1877-ல் கரீபியன் பகுதியில் உள்ள சான்டோ டொமிங்கோவுக்குப் போய்வர ஈஸ்ட்மன் திட்டம் போட்டார். பயணத்தைப் படம் பிடித்து வரலாமே என்று கூட வேலை பார்த்தவர் யோசனை சொல்ல, ஈஸ்ட்மன் உபகரணங்களை வாங்கினார். சுமார் 94 டாலர் செலவு. கிளார்க் வேலையில் சேர்ந்தபோது அவர் வாங்கிய சம்பளக் கணக்கில், ஆறு வாரச் சம்பளத்தையும் தாண்டிய தொகை இது.

அந்த மூட்டைக்குள் என்னென்ன இருந்தன? பெரிய சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கேமரா, அதைத் தாங்க ஒரு கனமான முக்காலி, கண்ணாடித் தகடுகள், ரசாயனங்கள், தொட்டி, தண்ணீர்ப் பாத்திரம், இருட்டறையாகப் பயன்படுத்த ஒரு கூடாரம். படம் எடுக்கும் முறையின் பெயர் ஈரத்தகடு முறை. கண்ணாடியில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசணும். கூடாரத்துக்குள் அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி எடுக்கணும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படம் எடுத்து, அந்த இடத்திலேயே டெவலப் செய்யணும். காய்ந்துவிட்டால் தகடு வீண்.

சான்டோ டொமிங்கோ பயணம் கடைசியில் நடக்கவே இல்லை. ஆனால் அந்த மூட்டை ஈஸ்ட்மனை விடவில்லை. ஒரு படம் எடுக்க எதுக்கு இவ்வளவு பாடு என்ற கேள்வி அவருக்குள் உட்கார்ந்துகொண்டது.

அம்மாவின் சமையலறையில் ஆய்வு

அந்த நேரத்தில் இங்கிலாந்தில், ஜெலட்டின் பூசிய தகடுகளைக் காயவைத்தே பயன்படுத்தும் உலர்தகடு முறை வந்திருந்தது. பிரிட்டிஷ் புகைப்படப் பத்திரிகைகளில் அதைப் படித்த ஈஸ்ட்மன், தானும் செய்து பார்க்க ஆரம்பித்தார். பகலில் வங்கி, ராத்திரியில் அம்மாவின் சமையலறையில் ரசாயனம் காய்ச்சுவது என்று நாட்கள் போயின. சில ராத்திரிகளில் அடுப்புக்குப் பக்கத்திலேயே போர்வையை விரித்துப் படுத்துவிடுவாராம்.

தகடுகளில் ஒரே சீராக ரசாயனம் பூசும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி, 1879-ல் லண்டன் போய் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. 1880-ல் ரோசெஸ்டரின் ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்துத் தகடு தயாரிக்கத் தொடங்கினார். பணம் போட்டவர் ஹென்றி ஸ்ட்ராங். குதிரை வண்டிக்குச் சாட்டை தயாரிக்கும் தொழில் நடத்திய இவர், ஈஸ்ட்மன் வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்தவர். 1881-ல் இருவரும் கூட்டாளிகள் ஆனார்கள். அதே ஆண்டு ஈஸ்ட்மன் வங்கி வேலையை விட்டார்.

கெட்டுப்போன சரக்கு

1882-ல் எல்லாமே கைவிட்டுப் போகும் நிலை வந்தது. ஈஸ்ட்மன் தகடுகளில் படம் விழவில்லை என்று புகார்கள் குவிந்தன. அப்போது கம்பெனிக்கு வயது ஒன்று. விற்ற சரக்கைத் திரும்ப எடுத்தால் முதல் கரைந்துவிடும், எடுக்காவிட்டால் பெயர் போய்விடும். ஈஸ்ட்மன் சரக்கைத் திரும்ப எடுத்தார். கெட்ட தகடுகளுக்கு நல்ல தகடுகளை மாற்றிக் கொடுத்தார். காரணம் தெரியாமல் சோதனை மேல் சோதனை செய்து, கடைசியில் இங்கிலாந்துவரை போனபோதுதான் குற்றவாளி பிடிபட்டது. வெளியிலிருந்து வாங்கிய ஜெலட்டின் தரமாக இல்லை.

ஒரு ஜெலட்டின் நன்றாக வேலை செய்கிறது, இன்னொன்று ஏன் செய்வதில்லை? இதற்கு முழு விடை கிடைத்தது 1920-களில், கோடாக்கின் ஆய்வுக்கூடத்தில். ஜெலட்டின் என்பது மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. கடுகு இனச் செடிகளை மேய்ந்த மாடுகளிலிருந்து வரும் ஜெலட்டினில் கந்தகச் சேர்மங்கள் துளியளவு இருக்கும். தகட்டுக்கு ஒளியைப் பிடிக்கும் திறனைக் கூட்டுவது அந்தத் துளிதான்.

ரோல் ஃபிலிம் எப்படி வந்தது?

கண்ணாடி கனமானது, உடையக்கூடியது. அதற்குப் பதிலாகக் காகிதத்தில் ரசாயனம் பூசி, சுருளாகச் சுற்றி வைத்தால் என்ன? வில்லியம் வாக்கர் என்பவருடன் சேர்ந்து, அந்தச் சுருளைத் தாங்கும் ரோல் ஹோல்டரை ஈஸ்ட்மன் 1885-ல் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஏற்கெனவே இருக்கும் கேமராவின் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். இன்றைய பாஷையில் சொன்னால் ஒரு அக்சசரி.

தொழில்முறைப் புகைப்படக்காரர்களிடம் இது எதிர்பார்த்த அளவு போகவில்லை. கண்ணாடியில் கிடைக்கும் தெளிவு காகிதத்தில் கிடைக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் பொருளை மாற்றி, அதே வாடிக்கையாளரைத் துரத்தியிருப்பார்கள். ஈஸ்ட்மன் வாடிக்கையாளரையே மாற்றினார். இதுவரை போட்டோவே எடுக்காத சாதாரண மக்களுக்கு விற்பது என்று முடிவெடுத்தார். அவர் வாழ்க்கையின் பெரிய திருப்பம் இதுதான்.

1888-ல் வந்தது கோடாக் கேமரா. விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான ஃபிலிம். கயிற்றை இழு, சாவியைத் திருப்பு, பொத்தானை அழுத்து, அவ்வளவுதான். ஃபோகஸ் செய்ய வேண்டியதில்லை. பார்த்து எடுக்க வியூஃபைண்டர்கூடக் கிடையாது. மேல் மூடியில் இருக்கும் கோடுகளை வைத்து உத்தேசமாகக் குறி பார்க்க வேண்டும். 100 படமும் முடிந்தால் கேமராவையே ரோசெஸ்டருக்கு அனுப்பிவிடலாம். 10 டாலர் கட்டினால், வட்ட வடிவப் படங்களும் புது ஃபிலிம் போட்ட கேமராவும் திரும்பி வரும். கூடாரம், தொட்டி, ரசாயனம் எல்லாம் கம்பெனியின் தலைவலி ஆனது.

கோடாக் என்ற சொல்லுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. சின்னதாக இருக்கணும், எந்த மொழிக்காரரும் தப்பாக உச்சரிக்கக் கூடாது என்று யோசித்து உருவாக்கிய பெயர். அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரான கில்போர்னின் முதல் எழுத்தில்தான் அதுவும் தொடங்குகிறது.

எல்லோர் கையிலும் கேமரா வந்ததும் புதுச் சிக்கலும் வந்தது. கடற்கரையில், தெருவில் கேட்காமலே படம் எடுப்பவர்கள் மீது எரிச்சல் கிளம்பியது. தனியுரிமை பற்றி 1890-ல் அமெரிக்காவில் வெளியான புகழ்பெற்ற சட்டக் கட்டுரை, நொடியில் எடுக்கும் போட்டோக்களையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. இன்றைய செல்போன் விவாதத்தின் தாத்தா அது.

பாதிரியாரின் காப்புரிமை

காகிதத்துக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு ஃபிலிமை 1889-ல் கம்பெனி விற்கத் தொடங்கியது. அதை உருவாக்கியவர் கம்பெனியின் வேதியியலாளர் ஹென்றி ரெய்ச்சன்பாக். எடிசன் சினிமா ஆய்வுக்குப் பயன்படுத்தியதும் ஈஸ்ட்மன் ஃபிலிமைத்தான்.

ஆனால் 1887-லேயே நெவார்க் நகரப் பாதிரியார் ஹன்னிபால் குட்வின் இதேபோன்ற ஃபிலிமுக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அவருக்குக் காப்புரிமை கிடைக்க 11 ஆண்டுகள் ஆயின. 1900-ல் அவர் இறந்துவிட்டார். அந்தக் காப்புரிமையைக் கையில் வைத்திருந்த ஆன்ஸ்கோ நிறுவனம் வழக்கை நடத்தி ஜெயித்தது. 1914-ல் கோடாக் 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. குட்வின் அதைப் பார்க்கவில்லை.

போட்டி நிறுவனங்களை வாங்கிப்போடுவது, கடைக்காரர்களுக்கு நிபந்தனை விதிப்பது என்று சந்தையை வளைத்ததற்காக, 1915-ல் கோடாக் ஏகபோகம் செய்கிறது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எளிமையை விற்றவர், வியாபாரத்தில் அவ்வளவு எளிமையானவர் இல்லை.

1 டாலர் கேமரா

1900-ல் வந்த பிரவுனி கேமராதான் உச்சம். அட்டைப் பெட்டி, அதன் மேல் தோல் மாதிரி ஒரு உறை, ஒரு சாதாரண லென்ஸ். விலை 1 டாலர். ஆறு படம் எடுக்கும் ஃபிலிம் 15 சென்ட். குழந்தைகளை மனதில் வைத்து விளம்பரம் செய்தார்கள். முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது.

1 டாலர் பெட்டியில் லாபம் எங்கிருந்து வரும்? ஃபிலிமிலிருந்துதான். கேமராவை ஒரு தடவை வாங்குவார்கள், ஃபிலிமை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், சுற்றுலாவுக்கும் வாங்குவார்கள். கேமராவை வாங்கிய பிறகு லென்ஸ், பேட்டரி, கார்டு என்று இன்றும் செலவு தொடர்வதன் பின்னால் இருப்பதும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

பெயர் சொல்லாமல் கொடுத்த பணம்

சம்பாதித்ததை ஈஸ்ட்மன் உயிரோடு இருக்கும்போதே கொடுத்தார். 1912-ல் கம்பெனி லாபத்தில் தொழிலாளர்களுக்கும் ஒரு பங்கு தரும் திட்டம் தொடங்கியது. 1919-ல் தன் பங்குகளில் மூன்றில் ஒரு பகுதியை ஊழியர்களுக்காக ஒதுக்கினார். அதன் மதிப்பு சுமார் 1 கோடி டாலர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு மொத்தம் சுமார் 2 கோடி டாலர் கொடுத்தார். பல ஆண்டுகள் அந்தப் பணம் 'மிஸ்டர் ஸ்மித்' என்ற பெயரில்தான் போனது. உண்மை வெளியானது 1920-ல்.

ரோசெஸ்டரில் இசைப் பள்ளியும் மருத்துவக் கல்லூரியும் அவர் பணத்தில் எழுந்தன. குழந்தைகளுக்கான பல் மருத்துவ மையங்களை ரோசெஸ்டரிலும், லண்டன், பாரிஸ், ரோம் போன்ற நகரங்களிலும் ஏற்படுத்தினார். கறுப்பின மாணவர்களுக்கான டஸ்கீகி, ஹாம்ப்டன் கல்வி நிறுவனங்களுக்கும் உதவினார். மொத்தமாக அவர் கொடுத்தது சுமார் 10 கோடி டாலர்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1907-ல் அம்மா இறந்த பிறகு பெரிய வீட்டில் தனியாகவே இருந்தார். கடைசி ஆண்டுகளில் முதுகுத்தண்டு நோய் அவரை முடக்கியது. நிற்கவும் நடக்கவும் சிரமப்பட்டார். 1932 மார்ச் 14-ல், 77-வது வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

(நாள்பட்ட வலிக்கும் மனச்சோர்வுக்கும் இன்று சிகிச்சை உண்டு. தற்கொலை எண்ணம் வந்தால் தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 ஆகிய எண்களில் எந்த நேரமும் பேசலாம்.)

கோடாக் என்ன ஆனது?

1975-ல் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியாளர், ஃபிலிமே இல்லாத ஒரு கேமராவைச் செய்தார். எடை சுமார் 3.6 கிலோ, தெளிவு 0.01 மெகாபிக்சல். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை கேசட்டில் பதிய 23 நொடிகள் ஆனது. உலகின் முதல் கையடக்க டிஜிட்டல் கேமரா என்று சொல்லப்படும் அதை அவர் செய்தது கோடாக் ஆய்வுக்கூடத்தில்தான். ஃபிலிமில் வரும் லாபத்தை விட மனசில்லாத கம்பெனி, டிஜிட்டலுக்கு முழுமூச்சாக மாறத் தயங்கியது. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அடுத்த ஆண்டு அதிலிருந்து சிறிய நிறுவனமாக மீண்டு வந்தது.

இன்று கடைகளில் கோடாக் பெயரில் கிடைக்கும் பிக்ஸ்ப்ரோ டிஜிட்டல் கேமராக்களை, பெயருக்கான உரிமம் பெற்று வேறொரு நிறுவனம் விற்கிறது. ரோசெஸ்டரில் ஈஸ்ட்மன் வாழ்ந்த வீடு 1949 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே போகிறவர்கள் செல்போனை நீட்டி, ஒரு பொத்தானைத் தொட்டுப் படம் எடுக்கிறார்கள். மிச்ச வேலையை யார் செய்கிறார்கள் என்று அவர்களும் யோசிப்பதில்லை.